மறுமொழி: ‘தடய நச்சியல்’ வேண்டாம், ‘சட்ட நஞ்சியல்’ வேண்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். நஞ்சால் நேர்ந்த சாவுகளைச் சட்டத்துக்காக ஆராயும் துறைக்கு (forensic toxicology) ‘தடய நச்சியல்’ என்ற சொல்லையே நம் கலைச்சொல் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று சென்ற மடலில் கோவை ஐயா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மலேசியாவில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டக் குடும்பங்களுக்காக மரண விசாரணைகளில் மலாயிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தவன் என்ற முறையில் என் காரணங்களைச் சொல்கிறேன்.

தடயம் என்றால் விட்டுச்சென்ற அடையாளம். அது கிடைத்ததா இல்லையா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தை அச்சொல் தருகிறது. நஞ்சால் நேரும் சாவு அவ்வளவு எளிதில் பிடிபடுவதில்லை. கொன்ற நஞ்சு உடலை விட்டுப் போயிருக்கலாம். உடலில் கிடைத்த நஞ்சு கொல்லாததாக இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் இத்துறையின் பணி.

பாராகுவாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் காட்டிலும் ரப்பர் காட்டிலும் பல்லாண்டுகள் அடித்த களைக்கொல்லி அது. மலேசியா அதை 2002இல் தடை செய்யத் தொடங்கி, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. தோட்டத்தில் அதற்குப் பெயர் ‘மருந்து’. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்ததைத் தெரியாமல் வாயில் வைத்து மாண்டவர்கள் உண்டு. உள்ளே போன பாராகுவாட்டைச் சிறுநீரகம் வேகமாக வெளியேற்றுகிறது; இரத்தத்தில் அதன் அளவு சில நாள்களில் இறங்கிவிடுகிறது. ஆனால் நுரையீரல் அதை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. திசு தழும்பேறி இறுகி, மூச்சுவிட முடியாமல் இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட உயிர் பிரியும். அப்போது எடுத்த இரத்தத்தில் ‘கண்டறியப்படவில்லை’ என்று முடிவு வந்தால், “மருந்து இல்லை என்கிறார்களே, பிறகு பிள்ளை எப்படிச் செத்தான்?” என்று தாய் கேட்பார். மருத்துவமனையில் சேர்த்த அன்று சிறுநீரில் டைத்தியோனைட்டு என்ற வேதிப்பொருளைக் கலந்து பார்த்தபோது பாராகுவாட்டைக் காட்டும் நீலம் தெரிந்ததா, நுண்ணோக்கியில் நுரையீரல் எப்படி இருக்கிறது, நோய் எந்த வரிசையில் முற்றியது ஆகியவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் அவருக்கு விடை சொல்ல முடியும். தடயம் அழிந்த பின்னும் காரணம் நிற்கிறது.

சாராயத்தில் கதை தலைகீழ். நம் வெப்பத்தில் ஓரிரு நாள் கிடந்த உடலில் நுண்ணுயிர்களே மதுவில் உள்ள எத்தனாலை உண்டாக்கும். ஒரு சொட்டும் தொடாதவரின் இரத்தத்திலும் மது இருப்பதாக எண் வரும். அதனால்தான் நுண்ணுயிர்களைத் தடுக்க இரத்தக் குப்பியில் சோடியம் புளோரைடு சேர்க்கிறார்கள். கண்ணுக்குள் இருக்கும் நீர்மத்தையும் எடுத்து ஒப்பிடுகிறார்கள். உயிருள்ள உடலில் மது செரிக்கும்போது உருவாகும் எத்தில் குளுக்குரோனைடைத் தேடுகிறார்கள். செத்தவன் குடித்திருந்தானா என்பது ஒரு குடும்பத்தின் மானம் சம்பந்தப்பட்ட கேள்வி. வெறும் எண்ணை வாசித்துவிட்டு நகர்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

கலப்பட மதுவில் இருக்கும் நஞ்சான மெத்தனாலில் இன்னொரு சிக்கல். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மதுவால் பலர் மாண்டது நினைவிருக்கும். மெத்தனாலை உடல் முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. கண்ணைப் பறிப்பதும் உயிரைப் பறிப்பதும் பெரும்பாலும் அந்த அமிலம்தான். மெத்தனாலின் அளவை மட்டும் பார்த்தால் முழுக் கதை கிடைக்காது.

இரத்தத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் முக்கியம். இறந்த பிறகு சில மருந்துகள் ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் இதய இரத்தத்துக்குக் கசிகின்றன. மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் அப்படிப்பட்டது. மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரை சாப்பிட்டவரும் அளவு மீறியவராகத் தோன்றிவிடுவார். ஆகவே தொடைச் சிரையிலிருந்து எடுப்பதே நல்லது. இந்நிகழ்வுக்கு நம் பட்டியலில் சொல்லே இல்லை. ‘இறப்பின் பின்பெயர்வு’ என்று முன்மொழிகிறேன்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ‘நச்சு’ என்பதைவிட ‘நஞ்சு’ தெளிவானது. நச்சுதல் என்றால் விரும்புதல் என்றும் பொருள். நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அதுதான். வள்ளுவர் 1008ஆம் குறளில் ‘நச்சப்படாதவன்’ என்றும் ‘நச்சு மரம்’ என்றும் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து அழகு செய்தார். குறளில் அது நயம், கலைச்சொல்லில் குழப்பம். ‘தடய’ என்பதற்குப் பதில் ‘சட்ட’ என்று வைப்போம். இலங்கையில் சட்ட வைத்திய அதிகாரி என்ற பதவிப் பெயர் நிலைத்திருக்கிறது. அதன் அருகில் சட்ட நஞ்சியல் இயல்பாக உட்காரும். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328ஆம் பிரிவும், சாவுக்குக் காரணம் என்பதில் உடலைப் பார்த்துத் தெரிவதோடு, அச்சாவு எப்படி நேர்ந்தது, யாருடைய சட்டவிரோதச் செயலாவது அதற்குக் காரணமா என்று கருதத் தேவையான அனைத்தையும் அடக்குகிறது.

ஆகவே துறைக்குச் ‘சட்ட நஞ்சியல்’. ஆய்வகத்தில் நடப்பதற்கு ‘நஞ்சாய்வு’. அந்த எண்களை மற்ற சான்றுகளோடு சேர்த்துப் படித்து வல்லுநர் சொல்வதற்கு ‘நஞ்சாய்வுரை’. மூலம் ஒன்று, அதற்கு எழுதும் உரை வேறு என்பது தமிழ் படித்த எவருக்கும் தெரியும்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து

---

ஐயா, வணக்கம்.

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன், சித்த மருத்துவம் கற்பித்தவள். ‘நஞ்சு’ என்பதை முழுமனதுடன் ஆதரிக்கிறேன். எங்கள் பாடத்தில் ‘நஞ்சு நூல்’ என்றே வழங்குகிறோம். ‘சட்ட நஞ்சியல்’ என்பதிலும் தடையில்லை.

‘நஞ்சாய்வுரை’யில்தான் தயக்கம். உரை என்றால் இன்று பலர் மேடைப்பேச்சு என்று கொள்வார்கள். ஒரு தாய்க்குப் புரிய வேண்டும் என்பது உங்கள் நோக்கமானால், ‘நஞ்சாய்வுக் கருத்துரை’ என்று நீட்டினால் என்ன? இரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்பது அளவு. அதனால் இறந்தார் என்பது அறிந்தவர் ஒருவரின் கருத்து. அந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டாமா?

---

அம்மா, வணக்கம்.

கருத்துரை என்பதே சரி. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவும் வல்லுநரின் கருத்து என்றுதான் பேசுகிறது. கருத்து என்றால் அதைக் குறுக்கு விசாரணை செய்யலாம். இரத்தம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் கழித்து எடுக்கப்பட்டது என்று குடும்பத்தின் வழக்கறிஞர் கேட்கலாம். ‘சோதனை முடிவு’ என்று மொழிபெயர்த்துவிட்டால் எதிர்க்கேள்விக்கு இடமில்லை என்று குடும்பம் ஓய்ந்துவிடுகிறது.

சட்ட நஞ்சியல், நஞ்சாய்வு, நஞ்சாய்வுக் கருத்துரை ஆகிய மூன்றையும் பட்டியலில் ஏற்றும்படி குழுமப் பொறுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். ‘பின்பெயர்வு’ பற்றி மருந்தியல் நண்பர்கள் எழுதட்டும். அதுவரை அது முன்மொழிவாகவே இருக்கட்டும்.