முள்ளுவேலிக்குள்ள கேட்ட சத்தம்

கோண்டாவில் பிள்ளை:
போன வருசம் ஆனியில அக்கா வீட்ட போய் ஒரு மாதம் நிண்டனான். இங்கிலாந்தில, கென்ற் பக்கம். விடியப்புறம் அத்தானோட நடக்கப் போனா, ஒரு முள்ளுவேலிக்குள்ள இருந்து "தூர்ர்ர், தூர்ர்ர்" எண்டு ஒரே இழுவை. அம்மான்ர பழைய தையல் மெசினை ஆரோ மெல்லமா மிதிக்கிற மாதிரி.

பத்து நிமிசம் அசையாமல் நிண்டம். பிறகுதான் வெளிய வந்து பட்டுப்போன கொப்பில இருந்தது. எங்கட மணிப்புறாவளவு உருவம். செட்டையில செம்மண் நிறத்தில செதில் செதிலா, கழுத்தில கறுப்பும் வெள்ளையுமா நாலஞ்சு கீறு. டர்ட்டில் டவ் எண்ட புறா. அத்தான் அங்க போய் முப்பது வருசம், அண்டைக்குத்தான் முதல்தரம் கண்டவர்.

காணிக்காரக் கிழவர் சொல்லித்தான் விசயம் விளங்கினது. எழுபதுகளில நூறு நிண்ட இடத்தில இப்ப ஒண்டோ ரெண்டோதானாம். 2021இல நாடு முழுக்க எண்ணினதில ஏறத்தாழ 2,100 சோடி. 2015இல இருந்து உலகச் சிவப்புப் பட்டியலிலயும் அழியக்கூடிய இனமா இருக்கு. குளிருக்கு மாலி, செனகல் எண்டு சகாராவைத் தாண்டிப் போற பறவை. வழியில பிரான்சிலயும் ஸ்பெயினிலயும் சுடுறதை 2021இல நிப்பாட்டின பிறகு, மேற்கு ஐரோப்பாவில கொஞ்சம் கூடியிருக்காம்.

ஆனா கிழவருக்குத் துவக்கை விடக் களைநாசினியிலதான் கோவம். இது தின்னுறது விதை, அதுவும் கூடுதலாக் களைவிதை. கோதுமைக்குள்ள ஒரு புல்லுப்பூண்டு இல்லாமல் மருந்தடிச்சா அது எதைத் தின்னும்? முந்தி வருசத்தில மூண்டு தரம் முட்டையிட்டது, இப்ப ஒண்டு ரெண்டோட நிக்குதாம். அவர் ஒரு மூலையைப் புல்லுக்கு விட்டு, வேலியையும் வெட்டாமல் வளர விட்டிருக்கிறார்.

மண்டைதீவான்:
தங்கச்சி, கழுத்துக்குப் பின்னால கறுப்புக் கோட்டோட ஒரு சாம்பல் புறா அங்க காணேல்லையோ? எங்கட தீவுப் பக்கம் நிக்கிற கள்ளிப்புறாதான் அது. துருக்கிப் பக்கத்தால ஊர் ஊராப் போய் 1955இல இங்கிலாந்தில குஞ்சு பொரிச்சது. எங்கட சனத்துக்கு முந்தி, விசாவும் இல்லாமல்! இப்ப அங்க கூரைக்குக் கூரை அதுதான்.

கோண்டாவில் பிள்ளை:
கண்டனான் அண்ணை, அக்கா வீட்டுக் கூரையிலயே. ஊர்ப்புறா எண்டு சொல்ல அத்தான் நம்பேல்லை.

வெங்காயத் தோட்டக்காரன்:
ஐயா காலத்தில ஆள் பிடிச்சுப் புல்லுப் பிடுங்கினது. காலமையில தோட்டம் நிறையப் புறா மேயும். இப்ப பிடுங்கிற கூலிக்கு ஆர் கட்டுவினம்? நானும் களைநாசினி அடிக்கிறனான்தான், ஒளிக்கேல்லை. போன போகம் கிணத்தடி வரம்பை மட்டும் அடிக்காமல் விட்டுப் பாத்தன். நெருஞ்சியும் நாயுருவியும் பத்தையாப் போச்சு. ரெண்டு மணிப்புறா பின்னேரத்தில வருது. "வெங்காயம் வைக்கச் சொன்னா காடு வளக்கிறியள்" எண்டு மனிசி பேசுறா.