லேபிள் அதேதான், உள்ளே இருப்பதுதான் வேறு

இரண்டு வாளி:

எட்டு வருஷமாக என் காரைக் கழுவ ஒரே கம்பெனி ஷாம்பூதான். பெயரைச் சொல்லப் போவதில்லை. பாட்டிலின் நிறத்தைச் சொன்னாலே உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், அதனால் அதையும் சொல்லவில்லை. நான் முதன்முதலில் வாங்கியபோது அவர்களிடம் இருந்ததே நாலு சரக்கு: ஷாம்பூ, வாக்ஸ், டயருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. லேபிள் பெரும்பாலும் கோணலாக ஒட்டியிருக்கும். ஒரு தடவை டயர் டிரெஸ்ஸிங் ஓட்டும்போது தெறித்துக் கதவெல்லாம் கறுப்புப் புள்ளியாகிறது என்று மெயில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, அதுவும் அதைத் தயாரித்தவரிடமிருந்தே. "அதிகமாகப் பூசுகிறீர்கள். கொஞ்சமாக எடுத்துப் பூசி, பத்து நிமிஷம் விட்டு, மிச்சத்தைப் பழைய துணியால் துடைத்துவிட்டு வண்டியை எடுங்கள்" என்று எழுதியிருந்தார். அப்படியே செய்தேன், தெறிக்கவில்லை. தன் சரக்கையே குறைவாகப் பயன்படுத்தச் சொல்கிற ஆள்! அந்த ஒரு மெயிலுக்காகவே ஆபீஸ், பக்கத்து வீடு, மச்சான் என்று யாரையும் விடாமல் பிடித்து உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தள்ளுபடி வரும்போது மூணு பாட்டில் சேர்த்து வாங்கி அடுக்கிவைப்பது என் வழக்கம். அந்த இருப்பு தீரப் போகிறது என்று போன மாதம் புது பாட்டில் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் குப்பென்று வாசனை. பழையதில் வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது, இதுவோ சென்ட் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சரி, வாசனையில் என்ன இருக்கிறது என்று வாளியில் ஊற்றினேன். நுரை மலை மாதிரி எழுந்தது. ஆனால் மிட்டை, அதாவது கழுவுகிற கையுறையை, மாட்டிக் கதவில் வைத்து இழுத்தால் வழுக்கவே இல்லை.

நுரை கண்ணுக்கு, வழுக்கல் பெயின்ட்டுக்கு. மிட்டுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் ஒரு மண் துகள் சிக்கினால் அது நழுவி வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் நாம் கழுவுவதாக நினைத்துக்கொண்டு கோடு போட்டுக்கொண்டிருப்போம். கலருக்கு மேலே நிறமில்லாத பூச்சாக இருக்கிற கிளியர்கோட் பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடி அளவு கனம்கூடக் கிடையாது. பழைய ஷாம்பூவில் மிட் கையை விட்டே நழுவும், இரண்டு தடவை கீழே விழுந்து அலசியிருக்கிறேன். இதில் கதவின் கீழ்ப்பக்கம் வரும்போது பிடித்து இழுத்தது, மெல்லிசாக ஒரு கிறீச் சத்தம் வேறு. கையை எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் பழைய பாட்டிலையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பின்பக்கம் படித்தேன். பத்து லிட்டர் தண்ணீருக்குப் பழையதில் 15 மில்லி, புதியதில் 30 மில்லி. பாட்டில் அதே 500 மில்லிதான். முப்பத்து மூணு வாளிக்கு வந்துகொண்டிருந்தது இனிமேல் பதினாறு வாளியில் முடிந்துவிடும். இதை முன்பக்கத்தில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? 'புதிய தோற்றம்'. தோற்றமாம்! அந்தச் சொல்லை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத்தான் பிடித்திருக்க வேண்டும்.

விலையை ஏற்றியிருந்தால் நாலு நாள் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்திருப்பேன். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கறுப்பு வண்டிக்காரன்:

நீங்கள் ஷாம்பூவோடு தப்பித்தீர்கள் சார், நான் பாலிஷில் மாட்டினேன். அதே கம்பெனிதான், கோணல் லேபிள் என்றதுமே தெரிந்துவிட்டது.

கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள். அவர்களுடைய பழைய பாலிஷில் டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷினைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேனலிலும் நாலைந்து தடவை போய்வர வேண்டும், இடுப்பு ஒடியும். ஆனால் போன கீறல் போனதுதான். புதிய டப்பாவில் ஒரே ரவுண்டில் கண்ணாடி மாதிரி வந்துவிட்டது. அடடா, வளர்ந்துவிட்டார்கள் என்று அஞ்சு நட்சத்திரம் வேறு போட்டேன். இன்றைக்கும் அது அங்கேதான் கிடக்கிறது.

ஒரு வாரம் கழித்து, பெயின்ட்டைக் காக்கிற செராமிக் கோட்டிங் போடலாம் என்று ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்தேன். பாலிஷின் எண்ணெய் மிச்சமிருந்தால் கோட்டிங் பிடிக்காது இல்லையா, அதற்காக. துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் வலை முழுசாகத் திரும்பி வந்து நிற்கிறது. ஒரு இழைகூடக் குறையவில்லை. ஃபில்லர்! கீறலைத் தேய்த்து எடுக்கவில்லை, இடுக்கில் அடைத்து மறைத்துவைத்திருந்திருக்கிறது.

ஃபில்லரே பாவம் என்று சொல்லமாட்டேன். பெயின்ட் ஏற்கெனவே தேய்ந்து மெலிந்துபோன வண்டிக்கு அதுதான் நல்லது, மேலும் சீவினால் அடியில் இருக்கிற கலர் வெளியே வந்துவிடும். ஆனால் டப்பாவில் 'கீறல்களை நீக்கும்' என்று போட்டிருக்கிறது. மறைப்பதும் நீக்குவதும் ஒன்றா?

கேட்கலாம் என்று போனால் சாட் பெட்டி. "வணக்கம், நான் உங்கள் ஜொலிப்புத் தோழன்!" ஃபில்லர் இருக்கிறதா என்று கேட்டேன், உங்கள் ஆர்டர் எண் என்ன என்றது. கொடுத்தேன், ஆர்டர் உங்களிடம் சேர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டது. மூன்றாவது தடவையும் அதையே கேட்டதும் பத்து சதவீதக் கூப்பன் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

மஞ்சள் துணி:

அவர்களுடைய மைக்ரோஃபைபர் துணியும் அப்படித்தான். முன்பெல்லாம் கதவைத் துடைத்தால் ஒரே இழுப்பில் தண்ணீரைக் குடித்துவிடும், புதிதாக வாங்கிய அரை டஜனும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது, பஞ்சும் விடுகிறது. பழையதில் 70 பங்கு பாலியஸ்டர், 30 பாலியமைடு, இதில் 80க்கு 20. அவர்கள் நெய்வதில்லை, எங்கோ வாங்கி முத்திரை குத்துகிறார்கள் என்பது முன்பே தெரியும். ஆனால் அப்போது பார்த்து வாங்கினார்கள்.

கண்காட்சியில் பார்த்தவன்:

துணியைத் துவைக்கும்போது சாஃப்ட்னர் ஊற்றினீர்களா என்று முதலில் பாருங்கள். அது இழையில் படிந்துவிட்டால் எந்தத் துணியும் தண்ணீரைக் குடிக்காது.

என் கதை சின்னது. சில வருஷம் முன்பு ஒரு வாகனக் கண்காட்சியில் இவர்களுடைய ஸ்டாலில் முதலாளியே நின்று ஒரு பழைய பானெட்டில், பெயின்ட்டில் ஒட்டிய துகள்களை எடுக்கிற களிமண்ணைத் தேய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். என் விரலைப் பிடித்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் விட்டு, தேய்க்காத பக்கத்தில் தடவச் சொன்னார். மணல்தாள் மாதிரி சொரசொரப்பு. வெறும் கையால் தடவினால் தெரியாதது உறையோடு தெரியும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன், இன்றுவரை வண்டியை அப்படித்தான் பார்க்கிறேன்.

போன தடவை அதே கண்காட்சிக்குப் போனேன். ஸ்டால் நாலு மடங்கு பெரிசு, பாட்டு, சுழற்றிப் பரிசு வாங்கும் சக்கரம். டேப்லெட் வைத்திருந்த பையனிடம் இந்த வாக்ஸில் கார்னௌபா எவ்வளவு என்று கேட்டேன். "நூறு சதவீதம் சார்" என்றான், கண்ணே சிமிட்டாமல். தம்பி, கார்னௌபா என்பது பிரேசிலில் இருக்கிற ஒரு பனைவகையின் இலையில் படிகிற மெழுகு, கல் மாதிரி இருக்கும், உருகவே 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், கரைப்பானும் எண்ணெயும் சேர்க்காமல் அதை வண்டியில் பூச முடியாது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்களைப் பின்தொடர்கிறீர்களா சார்? தொடர்ந்தால் ஒரு சுற்று இலவசம்" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன பயன், யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால்தானே. சாவிக்கொத்து கிடைத்தது.

கழுவும் தொழில்:

திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எதற்குத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டுவோம். இப்போது வண்டிகளைக் கழுவிப் பாலிஷ் போடுகிற டீடெய்லிங் ஒர்க்ஷாப் நடத்துகிறேன், அதற்கு முன்பு இந்த மாதிரிச் சரக்குகளைக் கலந்து நிரப்பிக் கொடுக்கிற இடத்தில் வேலை பார்த்தேன்.

அந்தப் பழைய ஷாம்பூவில் ஒரு குறை இருந்தது, எல்லோரும் மறந்துவிட்டீர்கள். சில மாதம் திறந்துவைத்தால் அழுகின வாடை அடிக்கும். தண்ணீரில் செய்கிற எந்தச் சரக்கிலும் பதனப்பொருள் போதாவிட்டால் பாக்டீரியா குடியேறிவிடும். நூறு பேருக்கு விற்கும்போது கெட்டுப்போன பாட்டிலை மாற்றிக் கொடுத்துச் சமாளிக்கலாம். கடை கடையாக அலமாரியில் ஏறிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாமல் நிற்க வேண்டும். அதனால் பதனப்பொருள் கூடும், மூலப்பொருள்களின் வாடையை அமுக்க சென்ட் சேரும். சில சமயம் மூலப்பொருள் கொடுக்கிறவர் தயாரிப்பை நிறுத்திவிடுவார், கலவையை மாற்றித்தான் ஆக வேண்டும். இதெல்லாம் ஏமாற்று இல்லை, பெரிசாகும்போது வருகிற தொல்லைகள்.

அப்புறம், ஷாம்பூ கெட்டியாக இருந்தால் ஸ்ட்ராங் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான ஷாம்பூக்களைக் கெட்டியாக்குவது சாதாரண உப்புதான். சேர்க்கச் சேர்க்க இறுகிக்கொண்டே வரும், ஒரு அளவைத் தாண்டினால் திரும்ப நீர்த்துவிடும். பாட்டிலைக் குலுக்கிப் பார்த்துத் தரத்தைச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் 15ஐ 30 ஆக்கிவிட்டு 'புதிய தோற்றம்' என்று போட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. முதலில் எழுதியவருக்கு ஒரு யோசனை: அவர்களுடைய தளத்தில் பாதுகாப்புத் தரவுத் தாள் இருக்கும், இறக்கிப் பாருங்கள். பதினாறு பகுதி இருக்கும், எல்லாம் படிக்க வேண்டாம். மூன்றாவது பகுதியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று வரும். அதிலும் முழுப் பட்டியல் இருக்காது, ஆபத்தானவை என்று வகைப்படுத்தியவை மட்டும்தான். ஒன்பதாவதில் பிஹெச், அதாவது அமிலமா காரமா என்கிற அளவு; 7 என்றால் நடுநிலை, அதற்கு மேலே காரம். திருத்திய தேதி எங்காவது போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

மஞ்சள் துணி:

வீட்டில் விசாரித்தேன். ஆறு துணியும் துவைக்கிற மெஷினில் மற்ற துணிகளோடு போயிருக்கின்றன, சாஃப்ட்னரும் போயிருக்கிறது. துணி வழக்கை வாபஸ் வாங்குகிறேன். ஷாம்பூ வழக்கில் உங்கள் பக்கம்தான்.

இரண்டு வாளி:

ஒர்க்ஷாப் நண்பருக்கு நன்றி, தாளை இறக்கிப் பார்த்தேன். பழைய தாள் என்னிடம் எப்படியோ இருந்தது, அந்தக் காலத்து மெயில் ஒன்றில் கேட்காமலே இணைத்து அனுப்பியிருக்கிறார் அந்த மனுஷர். பழையதில் பிஹெச் 7, புதியதில் 9.5. அழுக்கு எடுக்க அது நல்லதுதான், ஆனால் மேலே போட்ட வாக்ஸுக்கு ஆயுசு குறையும். அதே பாட்டிலின் முன்பக்கம் 'வாக்ஸுக்குப் பாதுகாப்பானது' என்று எட்டு வருஷமாக இருக்கிற வரி அப்படியே இருக்கிறது.

கம்பெனிக்கும் எழுதினேன். நாலு நாள் கழித்து, "வாடிக்கையாளர்களின் கருத்துகளின் அடிப்படையில் எங்கள் கலவைகள் தொடர்ந்து மேம்படுத்தப்படுகின்றன" என்று ஒரே வரி. என் கருத்தை யாரும் கேட்கவில்லை.

ஆனால் என்னை உட்காரவைத்தது பிஹெச் இல்லை, தேதி. அந்தத் தாளைத் திருத்தி பதினாலு மாதம் ஆகிறது. எனக்குப் போன மாதம்தான் மாறியது, ஏனென்றால் அதுவரை நான் அடுக்கிவைத்திருந்த பழைய பாட்டில்களிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்தப் பதினாலு மாதத்தில் என் பேச்சை நம்பி வாங்கினவர்களுக்கெல்லாம் போனது புதியது. நான் ஒன்றைப் புகழ்ந்திருக்கிறேன், அவர்கள் வேறொன்றுக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

மச்சான் போன வருஷமே சொன்னான், "என்னமோ இழுக்குதே மாமா, நீங்க சொன்ன மாதிரி வழுக்கலையே" என்று. நீ தேய்க்கிற லட்சணம் அப்படி, அழுத்தாமல் தேய்க்கப் பழகு என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். ஷாம்பூவுக்கு ஒன்று, மிட்டை அலச ஒன்று என்று இரண்டு வாளி வாங்கினாயா, மிட்டை அலசினாயா என்று குறுக்கு விசாரணை வேறு. அவனும் பாவம் தலையாட்டிவிட்டு, அதற்கப்புறம் என்னிடம் கார் பேச்சே எடுப்பதில்லை.

பழைய பாட்டிலில் இன்னும் இரண்டு விரல் உயரம் மிச்சம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். போன் பண்ணிச் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.