வெள்ளிக்கிழமை மாலை மட்டும் முன்பதிவு முடங்குகிறது. சர்வரைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது

அம்மாபாளையம் (கேள்வி):

வணக்கம். சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் ஆறு பேர் கொண்ட மென்பொருள் குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ஏற்காட்டின் சிறு விடுதிகளும் காபித் தோட்டத் தங்கும் வீடுகளும் அறை முன்பதிவுக்கு எங்கள் மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. வாரம் முழுவதும் ஒழுங்காக ஓடுவது, வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குத் திணறி, எட்டு மணிக்கு அடியோடு நின்றுவிடுகிறது. மூன்று வாரமாக இப்படித்தான். கோடை விழா நெருங்குகிறது, தூக்கமே வரவில்லை.

வழக்கமாக நான்கு சர்வர்கள். நெரிசல் கூடினால் தானாக எட்டாகும். எட்டானதும்தான் நிலைமை கைமீறுகிறது! தகவல்களைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் சிபியு பயன்பாடு 30 சதவீதத்தைத் தாண்டவில்லை, ஆனாலும் சர்வர்களுக்குப் புதிய கனெக்‌ஷன் தர மறுக்கிறது. சென்ற வாரம் 11 பேருக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்பட்டது.

இன்னொன்று. கட்டணப் பகுதியை முழுதாக அறிந்தவர் குழுவில் ஒரே ஒரு பெண். மூன்று வெள்ளிக்கிழமையும் அவரைத்தான் அழைத்தோம். சென்ற வாரம் அவர் குடும்பத்தோடு ஏற்காடு பஸ்ஸில் இருந்தார். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்கவில்லை. நாற்பது நிமிடம் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். தவறு யாருடையது என்று எழுதித் தரும்படி முதலாளி கேட்கிறார்.

செவ்வாய்ப்பேட்டை:

ஒவ்வொரு சர்வரின் பூலிலும் (டேட்டாபேஸோடு பேசத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) எத்தனை கனெக்‌ஷன்? டிரான்சாக்‌ஷனைத் (முழுதாக முடியும் அல்லது முழுதாக ரத்தாகும் டேட்டாபேஸ் வேலைத் தொகுதி) திறந்து வைத்துக்கொண்டே, பணம் வசூலிக்கும் வெளிச் சேவையான பேமெண்ட் கேட்வேயை அழைக்கிறீர்களா? பதில் வராவிட்டால் செயலி என்ன செய்கிறது?

அம்மாபாளையம்:

பூலில் 20. போஸ்ட்கிரெஸ் ஏற்கும் மொத்தக் கனெக்‌ஷன்களின் உச்ச வரம்பை மாற்றவில்லை, 100தான். ஆம், டேட்டாபேஸில் அந்த அறைக்கான பதிவை வேறு யாரும் மாற்றாதபடி பூட்டி, கேட்வேயிடம் பணம் வாங்கி, அதன் பிறகே டிரான்சாக்‌ஷனை முடிக்கிறோம். சாதாரண நாளில் 0.3 நொடி ஆகும். வெள்ளி மாலையில் கேட்வே ஐந்து நொடி வரை எடுக்கிறது. பதில் வராவிட்டால் செயலி உடனுக்குடன் மூன்று முறை மீண்டும் கேட்கும்.

சங்ககிரி:

உச்ச வரம்பை 500 ஆக்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

செவ்வாய்ப்பேட்டை:

சங்ககிரி நண்பரே, அது வேண்டாம். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி பிராசஸ், நினைவகத்தைத் தின்னும். காத்திருப்போர் கூடுவார்களே தவிர, காத்திருக்கும் காரணம் போகாது.

கணக்கைப் பாருங்கள். நான்கு சர்வர், ஒவ்வொன்றிலும் 20, ஆக 80. 80 கனெக்‌ஷன், ஒவ்வொன்றும் 0.3 நொடி பிடித்து வைக்கப்பட்டால் நொடிக்கு ஏறத்தாழ 266 முன்பதிவுகள் முடியும். அதே 80 கனெக்‌ஷன் ஐந்து நொடி சிக்கிக்கொண்டால் நொடிக்கு 16தான். உங்கள் டேட்டாபேஸ் வேலை செய்யவில்லை, கேட்வேயின் பதிலுக்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சிபியு 30 சதவீதத்தில் நிற்பது அதனால்தான். வெள்ளி மாலையில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்தால் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' (தொடங்கிவிட்டுச் சும்மா காத்திருப்பவை) என்று வரிசையாக நிற்கும்.

சர்வர் எட்டானதும் 160 கனெக்‌ஷன் கேட்கிறீர்கள். வரம்பு 100, அதிலும் மூன்று இடங்கள் நிர்வாகிக்கென ஒதுக்கியவை. ஏற்காடு மலைப்பாதையின் இருபதாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி நின்றிருக்கும்போது அடிவாரத்திலிருந்து மேலும் எட்டு பஸ்களை ஏற்றி அனுப்புவதுபோல.

வேலையை மூன்றாகப் பிரியுங்கள். முதலில் ஒரு சிறு டிரான்சாக்‌ஷன்: அறையைப் பத்து நிமிடத்துக்குத் தற்காலிகமாகப் பிடித்துவைத்து உடனே முடித்துவிடுங்கள். பிறகு கேட்வே அழைப்பு. அந்த நேரத்தில் கையில் கனெக்‌ஷனே இருக்கக் கூடாது. பணம் வந்ததும் இன்னொரு சிறு டிரான்சாக்‌ஷனில் உறுதி செய்யுங்கள். பத்து நிமிடம் கழிந்து, அறை வேறொருவருக்குப் போன பிறகு பணம் வந்து சேரும் நிலையும் உண்டு. அதற்குத் தானாகப் பணத்தைத் திருப்பும் வழியை இப்போதே எழுதுங்கள். பலரும் விட்டுவிடும் இடம் இது.

இரட்டைப் பிடித்தம் உங்கள் மறுமுயற்சியால் வருகிறது. ஒரு முன்பதிவுக்கு ஒரே அடையாள எண். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண்ணை அனுப்புங்கள். அதைப் பார்த்து ஒரு முறை மட்டும் பிடிக்கும் வசதி உங்கள் கேட்வேயில் இருக்கிறதா என்று பாருங்கள். உடனே மீண்டும் கேட்காமல் 1, 2, 4 நொடி என இடைவெளியைக் கூட்டி, அதில் கொஞ்சம் தற்செயல் நேரத்தையும் சேருங்கள். இல்லாவிட்டால் எல்லாச் செயலிகளும் ஒரே நொடியில் திரும்பி வந்து மோதும்.

மரவனேரி:

தம்பி, தொழில்நுட்பத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துத்தான் கவலை. மூன்று வெள்ளிக்கிழமைகளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்; அவர் வேலையை விட்டுப் போனால் குறை சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

முதலாளிக்கு அறிக்கை எழுதுங்கள், ஆனால் அதில் யார் பெயரும் வேண்டாம். எத்தனை மணிக்கு எது தெரிந்தது, யாரால் எதைப் பார்க்க முடியவில்லை, எது தடுத்தது என்று மட்டும் எழுதுங்கள். ஒருவர் பெயரை எழுதினால், அடுத்த முறை ஆறு பேரும் தங்களுக்குத் தெரிந்ததை மறைப்பார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கோளாறு வந்தால் அழைக்கப்படும் அழைப்புப் பொறுப்பை ஆறு பேரும் வாரம் ஒருவராக ஏற்கட்டும், நீங்கள் உட்பட. அதற்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சோதனைச் சூழலில் போலி கேட்வேயை ஆறு நொடி தாமதிக்கச் செய்யுங்கள். அந்தப் பெண் அருகில் அமர்ந்திருக்கட்டும், ஆனால் விசைப்பலகையைத் தொடக் கூடாது. மற்றவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அதைத்தான் அழைப்புப் பொறுப்பில் இருப்பவருக்கான குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

அம்மாபாளையம் (இரண்டு வாரம் கழித்து):

செவ்வாய்ப்பேட்டை நண்பருக்கும் மரவனேரி அக்காவுக்கும் நன்றி. கேட்வே அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே எடுத்துவிட்டோம். நேற்று வெள்ளி; கேட்வே வழக்கம்போல் தாமதித்தது, ஆனால் ஒரு நேரத்தில் 30 கனெக்‌ஷனுக்கு மேல் போகவில்லை, நான்கு சர்வர்களே போதுமாக இருந்தன. யாருக்கும் இரண்டு முறை பணம் பிடிக்கப்படவில்லை.

அக்கா சொன்ன செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் முதல் இருபது நிமிடம் நாங்கள் தவறான பதிவுக் கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். சரியான கோப்பு எங்கே இருக்கிறது என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போது குறிப்பேட்டின் முதல் வரியே அதுதான். நேற்றிரவு அழைப்புப் பொறுப்பு என்னுடையது. அவரை நாங்கள் அழைக்கவில்லை.