ஏற்றத்தில் மட்டும் செயின் வழுக்குகிறது, சமதரையில் ஒன்றுமில்லை. என்ன கோளாறு?

வாவிக்கரை (கல்லடி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது யப்பானிலிருந்து வந்த பாவித்த மவுண்டன் பைக். முன்னுக்கு 3 தட்டு, பின்னுக்கு 7 பல்லு (7 பல்லுத் தட்டு). நாலு வருடமாக இதில்தான் விடிய எழும்பி காத்தான்குடிப் பக்கம் போய் வருவேன். சில நாளில் கடற்கரை ஈர மணலிலும் ஓடியிருக்கிறேன். போன மாதம் செயின் அறுந்தது. கடையில் புதுச் செயின் போட்டார்கள். நன்றாகத்தான் ஓடியது.

போன ஞாயிறு நாலு பேர் சேர்ந்து குடும்பிமலைக்குப் போனோம். கிரான் வரை பட்டா லொறியில் சைக்கிளை ஏற்றிக் கொண்டுபோய், அங்கிருந்து உழக்கினோம். கிறவல் ரோட்டில் பிரச்சினை இல்லை. மலைக்குக் கிட்டப் போய்ப் பக்கத்துப் பாதையில் இறங்கி, பாறையும் வேருமாக ஒரு குத்தேற்றம் வந்த இடத்தில் எழும்பி நின்று மிதித்தேன். டக்கென்று ஒரு சத்தம், பெடல் வெறுமையாகக் கீழே போனது. செயின் கழரவில்லை, அதே பல்லில்தான் கிடக்கிறது. திரும்ப மிதித்தால் திரும்ப டக். மூன்றாம் தரம் ஹாண்டிலில் முழங்கால் அடிபட்டு அப்படியே சரிந்து விழுந்தேன். சிராய்ப்புத்தான், பெரிதாக ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து ஓடிப் பார்த்தால் ஒரு தரம்கூட வழுக்கவில்லை! கடைக்காரர் கியர் வயரை இறுக்கித் தந்தார். அதை எங்கே சோதிப்பது? எங்கள் ஊரில் ஏற்றமென்றால் கல்லடிப் பாலம்தான். பாலத்தில் வேகமாக ஏறினேன், மறுபடியும் டக்.

அடுத்த மாதம் பிபிலையிலிருந்து லுணுகலை ஏறுவதாகத் திட்டம். இந்தச் சைக்கிளோடு போகலாமா?

படுவான்கரையான்

தம்பி, பட்டாவில் ஏற்றும்போது கியர் இருக்கிற பக்கம் அடியில் படப் படுக்க வைத்தீர்களா? எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது. பின் கியர் தொங்குகிற காது உள்ளே வளைந்துவிடும், கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. சைக்கிளுக்குப் பின்னால் குந்தியிருந்து பாருங்கள். கியரில் இருக்கிற இரண்டு சின்னச் சில்லும் பல்லுக்கு நேர்கோட்டில் நிற்க வேண்டும். சரிந்து நின்றால் காதுதான் காரணம்.

வாவிக்கரை

பார்த்தேன் அண்ணன். நேராகத்தான் நிற்கிறது. கூட வந்தவனும் பார்த்தான், அவனுக்கும் அப்படித்தான் தெரிகிறது.

கிழட்டுச்சில்லு (களுவாஞ்சிக்குடி)

தம்பி, வயரை இறுக்கிறதை நிப்பாட்டும். நீர் சொன்னதிலேயே பதில் இருக்கு. செயின் பக்கத்துப் பல்லுக்குத் தாவினால் அது கியர் சரியில்லாத கோளாறு. அதே பல்லில் நின்றுகொண்டே மேலால் ஏறி விழுந்தால் அது தேய்மானம். இது இரண்டையும் பிரித்துப் பார்க்காமல்தான் ஆட்கள் கடைக்குக் காசு கட்டுகிறது.

ஒரு வேலை செய்யும். சமதரையில் ஓடிக்கொண்டே பின் பிறேக்கைப் பாதி பிடித்தபடி மெல்ல மெல்ல அழுத்தி உழக்கும். மலை வேண்டாம், பிறேக்கே மலையாக இருக்கும். ஒவ்வொரு பல்லாக மாற்றி, எந்தப் பல்லில் வழுக்குது என்று எழுதி வாரும். இருந்தபடியே உழக்கும், எழும்பி நின்று மிதித்து இன்னொரு முழங்காலையும் உடைக்க வேண்டாம்.

வாவிக்கரை

ஐயா, செய்து பார்த்தேன். 1ஆம் கியர் பெரிய பல்லு என்று வைத்தால், 1, 2, 3 எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கவில்லை. 4இல் வழுக்குகிறது. 5இல் அதைவிட மோசம். 6, 7 பரவாயில்லை. குடும்பிமலையில் முன் சின்னத் தட்டும் பின் 4உம் போட்டுத்தான் ஏறினேன்.

இப்போதுதான் யோசிக்கிறேன், ஊருக்குள் நான் ஓடுவதே 4இலும் 5இலும்தான். கச்சான் காற்று எதிரே அடித்தால் 4, மற்ற நாளெல்லாம் 5.

கிழட்டுச்சில்லு (களுவாஞ்சிக்குடி)

அதுதான் விசயம். இது தட்டைநிலத்தான் வியாதி. மலைநாட்டுக்காரன் எல்லாப் பல்லையும் மாறி மாறித் தேய்ப்பான், நாம் இரண்டு பல்லை மட்டும் தேய்த்துத் தின்கிறோம்.

நடந்தது இதுதான். செயினில் ஒவ்வொரு ஆணியும் அரை இஞ்சித் தூரத்தில் இருக்கும். ஓட ஓட ஆணி தேய்ந்து அந்தத் தூரம் கூடும். நீண்ட செயின் பல்லையும் தன் அளவுக்கே அரித்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றாகக் கிழடாகிறதால் உமக்கு ஒன்றும் தெரியாது. பிறகு புதுச் செயின் போட்டால், அது சரியான அளவு, பல்லு அரித்துப்போன அளவு, இரண்டும் பொருந்தாது. மெல்ல மிதிக்கும்போது சமாளிக்கும். ஏற்றத்தில் முழுப்பாரத்தையும் போட்டால் பல்லுக்கு மேலால் ஏறிவிடும்.

பழைய செயின் எறிந்துவிட்டீரா? இருந்தால் அடிமட்டத்தை வைத்து அளவும். ஒரு ஆணியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், 24 அரை இஞ்சி தள்ளியிருக்கிற ஆணி சரியாக 12 இஞ்சியில் வர வேண்டும். 12ஐத் தாண்டி 1/16 இஞ்சி போனால் செயின் மாற்ற வேண்டிய நேரம். 1/8 போனால் பல்லும் முடிந்தது என்று அர்த்தம்.

வாவிக்கரை

குப்பை வாளிக்குள் கிடந்தது, நல்ல காலம் குப்பை வண்டி வரவில்லை. உம்மாண்டி மாதிரி மண்ணும் கறுப்புமாக இருந்ததைத் துடைத்து அளந்தேன். 12ஐத் தாண்டி 1/8 இஞ்சிக்கும் கொஞ்சம் கூட.

பல்லைக் கிட்டப் பார்த்தால், 2ஆம் பல்லுத் தட்டில் பல்லெல்லாம் மொட்டையாக ஒரே சீராக நிற்கிறது. 5ஆம் தட்டில் ஒரு பக்கம் சாய்ந்து கூராகிவிட்டது, கொக்கி மாதிரி.

மணல்மேடு

பழைய செயினையே திரும்பப் போட்டால் என்ன? பழைய பல்லும் பழைய செயினும் பொருந்தும்தானே. காசு மிச்சம். தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டால் போதும்.

கிழட்டுச்சில்லு (களுவாஞ்சிக்குடி)

பொருந்தும். ஊருக்குள் சாமான் வாங்கப் போக அது ஓடும். ஆனால் ஒருமுறை அறுந்த செயினோடு லுணுகலை ஏறச் சொல்கிறீரா? தேங்காய் எண்ணெயைச் சட்டியோடு வைத்துக்கொள்ளும். அது பிசினாகி மணலைப் பிடித்து வைக்கும். செயினைத் தேய்க்கிறது எண்ணெயில் ஒட்டின மணல்தான். கடற்கரையில் ஓடினால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, காயவிட்டு, ஆணிக்கு ஒரு சொட்டு வீதம் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, வெளியில் இருக்கிறதைத் துணியால் துடைத்துவிடும். வெளியில் மினுங்கினால் அது மண்ணுக்கு அழைப்பு.

சம்மாந்துறை நானா

தம்பி, பல்லுத் தட்டை மாத்தப் போற நேரம் ஒண்டைக் கவனியுங்க. 7 பல்லு என்றால் அனேகமா அச்சில திருகி ஏத்துற பிரீவீல்தான். அதைக் கழட்ட தனிச் சாவி வேணும், உழக்க உழக்க அது தானாகவே இறுகிப்போயிருக்கும். சாவி இல்லாத கடையில உளியும் சுத்தியலும் எடுத்தாங்க என்றா சைக்கிளைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுங்க. என்ட சில்லு அப்படித்தான் போச்சு.

பாதை பத்தியும் ஒண்டு சொல்றன். எங்க பக்கம் இங்கினியாகலையில சேனநாயக்க சமுத்திரக் குளக்கட்டுப் பக்கம் விடியக்காலைல ஓட அருமையா இருக்கும். ஆனா கல்லோயா தேசிய பூங்காவுக்குள்ள சைக்கிளோட போக ஏலாது, அது 1954இல இருந்தே வனவிலங்குக்கு ஒதுக்கின இடம். ராஜகலையில சைக்கிளை அடிவாரத்தில வச்சிட்டு நடந்துதான் ஏறணும், எல்லாம் தொல்பொருள் கிடக்கிற இடம்.

படுவான்கரையான்

குடும்பிமலைக்குத் திரும்பப் போகிறவர்களுக்கு ஒரு சொல்லு. 2017இல் மட்டக்களப்பு கண்ணிவெடி இல்லாத மாவட்டம் என்று அறிவித்தார்கள், அதனால் அந்தப் பழைய பயம் இப்போது குறைவு. பயம் யானைதான். பின்னேரம் 3 மணிக்கு முதலே திரும்பி விடுங்கள். கிறவலில் புது லத்தி கிடந்தால், கொஞ்ச நேரம் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். சைக்கிள் சத்தமில்லாமல் போய் வளைவில் யானைக்கு முன்னால் நிற்கும், அதுதான் மோட்டார் சைக்கிளைவிட ஆபத்து. மழை காலத்தில் கிரான், புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடிவிடும், ஆட்களே தோணியில்தான் போவார்கள். கார்த்திகைக்கு முதல் போய்விட வேண்டும்.

லுணுகலைக்கு ஏறுவதை நினைத்து எல்லோரும் பயப்படுகிறீர்கள். எனக்குப் பயம் இறக்கம். பிறேக் கட்டைகளையும் பல்லோடு சேர்த்து மாற்றுங்கள். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சுடும். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிட்டு இறங்க வேண்டும்.

வாவிக்கரை

எல்லோருக்கும் நன்றி. சாவி இருக்கிற கடையைத் தேடி ஏறாவூர் வரை போனேன். பிரீவீல்தான், நானா சொன்னது சரி. இரண்டு பேர் சில்லைப் பிடிக்க, ஒருவர் சாவியில் குழாய் போட்டு நெம்ப, ஒருமாதிரி கழன்றது. புதுப் பல்லு, அதே புதுச் செயின். 4இலும் 5இலும் பிறேக்கைப் பிடித்து எவ்வளவு அழுத்தினாலும் டக் இல்லை. முன் நடுத்தட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஆனால் அதில் வழுக்கவில்லை. அதை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

லுணுகலைக்குப் பழகட்டும் என்று நேற்று முன் சின்னத் தட்டு, பின் 1ஆம் பல்லு போட்டுப் பாலம் ஏறினேன். செயின் ஒரு சத்தமும் போடவில்லை. பாதி ஏறும்போது, மீன் பையோடு நடந்து வந்த ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, "தம்பி, காத்துப் போயிட்டா?" என்று கேட்டார்.