பந்து பறிபோகும் பயம்: உங்கள் ஃபுட்பால் கோச் பாஸ் போட விட்டாரா?

சேலம் வலது பேக்:

எங்கள் கோச் பெயர் வேண்டாம். தங்கமான மனுஷர்தான். ஆனால் பின்னால் நின்று தடுக்கும் எங்கள் பேக் யாரிடமாவது பந்து வந்துவிட்டால் விசிலைக் கடித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றுவிடுவார். பயிற்சிக்கு முன்னால் சுண்ணாம்புப் பொடியால் எங்கள் பாதியின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத கோடு. அதற்கு இந்தப் பக்கம் குறுக்குப் பாஸ் போட்டவன் கிரவுண்டைச் சுற்றி ஓட வேண்டும். லட்சுமணன் கோடு என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். மேட்சில் அவரிடமிருந்து வருவது ஒரே கட்டளைதான்: “யோசிக்காதடா, தூக்கி அடிச்சு விடு!”

அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அம்மாப்பேட்டைப் பக்கத்து செம்மண் கிரவுண்டு. கோடையில் கல்லாகக் காய்ந்து கிடக்கும். தரையோடு போகும் பாஸ் ஒரு மேட்டில் பட்டால் முழங்கால் உயரத்துக்கு எழும்பும். நம் கோலைச் சுற்றிய கட்டமான பாக்ஸ் முன்னால் பந்து பறிபோனால் எதிரிக்கும் கோலுக்கும் நடுவே கீப்பர் மட்டும்தான். அதே பந்து அந்தப் பக்கம் போனால், அவர்கள் முழு கிரவுண்டையும் தாண்டி வரவேண்டும்.

ஒருமுறை கணுக்கால் பிசகி வெளியே உட்கார்ந்திருந்தேன். பொழுது போகாமல், நாங்கள் தூக்கி அடித்த பந்தெல்லாம் யாரிடம் போகிறது என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். பாதிக்கு மேல், நடுவில் நின்று தடுக்கும் எதிரணி ஸ்டாப்பரின் தலைக்கே போயிருந்தது. அதுவும் பறிகொடுத்ததுதானே? ஆனால் அதற்கு யாரும் திட்டு வாங்கவில்லை, “நல்ல கிளியரன்ஸ்” என்று கைதட்டல்கூடக் கிடைத்தது. குறுக்குப் பாஸில் பந்து போனால் மட்டும் அன்று முழுக்க அர்ச்சனை. ஆக அவர் பயந்தது பந்து போவதற்கு இல்லை, கண்ணெதிரே போவதற்கு.

எதிரணிகளும் சீக்கிரமே புரிந்துகொண்டன. பந்து எங்கே விழும் என்று தெரிந்த பிறகு, தலையால் முட்ட உயரமாக ஒருவன், அவன் காலடியில் விழுவதைப் பொறுக்க இரண்டு பேர், அவ்வளவு போதும். எங்கள் மிட்ஃபீல்டு பையன்களுக்கு அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி. இதைவிட மோசம், பந்து காலுக்கு வந்ததும் பையன்கள் முதலில் கோச்சைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அரை நொடியில்தான் எதிரி காலை விட்டுப் பந்தைக் கொண்டு போவான்.

ஓஹாயோவில் ஒரு செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

இங்கே அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் அது வேறு ஆட்டம், கையால் பிடித்து ஓடுவது. ஆனால் பயம் அதேதான். பாஸ் போட்டால் மூன்று நடக்கலாம், அதில் இரண்டு கெட்டது என்பது இங்கே கோச்சுகளின் பழைய பேச்சு. பிடித்தால் சரி. கீழே விழுந்தால் ஒரு முயற்சி வீண். எதிரி பிடித்தால் பந்தே போச்சு. ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் கோச்சாக 1951 முதல் 1978 வரை இருந்த வூடி ஹேய்ஸ், முடிந்தவரை பந்தைக் கையில் கொடுத்து ஓடவிட்டே ஜெயித்தவர். 1978 டிசம்பரில் கேட்டர் பவுல் ஆட்டத்தின் கடைசிக் கட்டம், 17-15 என்று பின்தங்கியிருந்தார்கள். பாஸ் போட்டார்கள், எதிரணியான கிளெம்சனின் வீரர் ஒருவர் பிடித்துவிட்டார். ஹேய்ஸ் அந்தப் பையனையே அடித்துவிட்டார். மறுநாள் வேலை போனது.

நீங்கள் சொன்ன கைதட்டல் கணக்கு இங்கேயும் உண்டு. கடைசியான நான்காவது முயற்சியில் பந்தை உதைத்து எதிரிக்கே கொடுப்பதற்கு பன்ட் என்று பெயர். அது டர்ன்ஓவரில், அதாவது பந்தைப் பறிகொடுத்த கணக்கில், சேராது!

ஏற்காடு கீப்பர்:

எங்கள் கதை தலைகீழ். மலையில் எங்கள் கிரவுண்டின் ஒரு ஓரம் அப்படியே சரிவு, கீழே காப்பித் தோட்டம். தூக்கி அடித்த பந்து நிஜமாகவே காணாமல் போகும். செடிகளுக்குள் தேடி அட்டைக்கடியோடு திரும்புவோம். பந்து வாங்கக் காசு கிடையாது, அதனால் எங்கள் மாஸ்டர் நீளமாக அடிக்கவே விடமாட்டார். பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது, குரல் கொடுத்துக் குரல் கொடுத்தே சின்னப் பாஸ் போடுவோம்.

சேலத்தில் ஆட வந்தபோது முதல் பாதி முழுக்கப் பந்து எங்களிடம்தான். இடைவேளைக்குப் பிறகு அவர்கள் மேலேறி நெருக்கினார்கள், இரண்டு கோல் வாங்கினோம். அப்போதும் மாஸ்டர் அடிச்சு விடு என்று சொல்லவில்லை. “பந்து போனா கிட்ட இருக்கிற ரெண்டு பேர் உடனே பாயணும், மத்தவன் பின்னாடி ஓடணும்” என்றார், அவ்வளவுதான். அந்த மேட்சில் தோற்றோம் என்பது வேறு விஷயம்.

2019-இல் விதி மாறி, எதிரணி வெளியே அடித்த பந்தைக் கோல் முன்னாலிருந்து திரும்ப உதைக்கும் கோல் கிக்கை பாக்ஸுக்குள்ளேயே நம் ஆள் வாங்கலாம் என்று ஆனது. எங்கள் காலத்தில் பந்து பாக்ஸைத் தாண்டினால்தான் ஆட்டம். சேலத்தில் இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அதை ஆட விடுகிறீர்களா, இல்லை கீப்பர் இன்னும் தூக்கித்தான் அடிக்கிறானா?