மொறிஸ் மைனருக்கு 1275 எஞ்சின்: ஒற்றைச் செயினை எடுத்துப்போட்டு இரட்டைச் செயின் போடலாமோ?

கொக்குவில் மைனர்:

வணக்கம் அண்ணைமார், ஐயாமார். கொஞ்சம் நீட்டுக்கு எழுதப் போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அப்பப்பாவின்ர மொறிஸ் மைனர் 1000 இப்ப என்னட்டை. 948 சிசி எஞ்சினோட வந்த வண்டி. மண்ணெண்ணெயில ஓடினது, 95 இடப்பெயர்வில சட்டி பானை, ஆச்சி எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டினது எண்டு அதுக்கு ஒரு பெரிய கதை இருக்கு. அப்பப்பா மோசம் போனாப்பிறகு மாமரத்துக்குக் கீழ கனகாலம் நிண்டது. பிறகு லண்டனில இருக்கிற சித்தப்பா ஒரு 1275 எஞ்சினைப் பெட்டி கட்டி அனுப்பினார். மொறிஸ் இற்றல் 1.3 காரில கழட்டினது, ஏ பிளஸ் எண்ட பிந்தின வகை எஞ்சின். அதை இறக்கி, ஹெட்டைக் கொஞ்சம் சீவி, வேகத்துக்கு அரைச்ச ஒரு கேமும் (வால்வுகளைத் திறக்கிற தண்டு) போட்டாச்சு. கேம் போட்டது ஒரு கராஜில. கிராங் தண்டில இருந்து கேமைச் சுத்துற ரைமிங் செயின் பழசுதான். "நல்லாத்தானே கிடக்கு, ஏன் காசைக் கொட்டுறீர்" எண்டு சொல்லிச்சினம், நானும் தலையாட்டிப்போட்டன்.

இப்ப பிரச்சினை என்னெண்டா, சும்மா நிண்டு ஓடேக்க முன்பக்கத்தில கலகல எண்டு ஒரு சத்தம். அக்சிலேற்றரை மிதிச்சா சத்தம் அடங்கும். ஸ்பாக் அடிக்கிற நேரம் பாக்கிற ரைமிங் லைற் பிடிச்சுப் பாத்தா, கிராங் முன்னால இருக்கிற பெல்ற் சில்லில, அதுதான் புளியில, இருக்கிற அடையாளம் ஒரு இடத்தில நிக்குதில்லை, தவளை மாதிரிப் பாயுது. கீழ் இழுவையும் (எஞ்சின் மெல்லச் சுத்தேக்க இழுக்கிற பலம்) இல்லை. கொக்குவிலில இருந்து சந்திக்குப் போறதுக்குள்ள மூண்டாம் கியரில திணறுது. ஏ9இல ஏறி ஆனையிறவு வெளியில விட்டா மட்டும் உயிர் வருது.

சித்தப்பா இரட்டைச் செயின் (ரெண்டு வரிசைக் கண்ணி) செற் ஒண்டு வாங்கி அனுப்புறன் எண்டு நிக்கிறார். நான் கேக்கிறது இதுதான். இரட்டைச் செயின் போட்டா பவர் கூடுமோ? எஞ்சினை இறக்காமல் மாத்தலாமோ? பல்லுச் சில்லு ரெண்டிலையும் இருக்கிற பொட்டை நேருக்கு நேர் வைச்சாக் காணுமோ, இல்லாட்டி வேற ஏதும் அளக்க வேணுமோ?

உரும்பிராய் ரேசர்:

மச்சான் செயினை விடு, பெல்ற் கிற் ஒண்டு எடுத்துப் போடு. இங்கிலாந்தில மினி ரேஸ் ஓடுறவங்கள் போடுறாங்கள். சத்தமும் இல்லை, வெளியில நிண்டே கேமைத் திருப்பலாம். என்ர ஹொண்டாவில கே20 எஞ்சின், அதிலை கம்பனியே செயின்தான், 8000க்கு மேல போனாலும் அசையாது. உன்ர வண்டிக்கு எது சரியோ எனக்குத் தெரியாது, ஆனா பெல்ற் எண்டா பாக்க வடிவு.

பழைய ஸ்பனர்:

தம்பி கொக்குவில், உம்மட அப்பப்பாவின்ர வண்டியை நான் கண்டிருக்கக்கூடும். அந்தக் காலத்தில மண்ணெண்ணெய்க்கு மாத்தின மைனரும் ஒஸ்ரினும் என்ர பட்டறைக்கு வராத நாள் இல்லை. சின்னப் போத்தலில பெற்றோல் வைச்சு ஸ்ராட் பண்ணி, சூடேறினாப்பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்புவம். எரியாத மண்ணெண்ணெய் வழிஞ்சு ஒயிலுக்குள்ள இறங்கும், ஒயில் தண்ணி மாதிரிப் போகும். அந்த நேரத்தில நான் கழட்டின செயினுகளை இப்ப நினைச்சாலும் சிரிப்பு வரும், ஆச்சிமாரின்ர காது மாதிரித் தொங்கும்.

சரி, உம்மட கேள்விக்கு வாறன். செயின் பவர் தராது. பவரைத் தாறது கேம். கேம் எந்த இடத்தில வால்வைத் திறக்கவேணுமோ அந்த இடத்திலையே அதைப் பிடிச்சு வைச்சிருக்கிறதுதான் செயின்ர வேலை. "செயின் இழுபட்டுப்போச்சு" எண்டு எல்லாரும் சொல்லுவினம். இரும்பு ஒண்டும் றபர் மாதிரி இழுபடுறேல்லை. ஒவ்வொரு கண்ணியிலையும் பின்னும் புஷ்சும் மயிரிழை மயிரிழையாத் தேயுது, அத்தனையும் கூடி நீளமாகுது. சைக்கிள் செயினும் இப்பிடித்தான். நீளமானால் கேம் கிராங்குக்குப் பிந்தும். பிந்தினால் கீழ் இழுவை போகும், மேலுக்கு மட்டும் ஓடும். நீர் சொல்லுற ஆனையிறவுக் கதை அதுதான்.

ரைமிங் லைற்றில அடையாளம் பாயுறதுக்கும் அதேதான் காரணமா இருக்கலாம். இந்த எஞ்சினில டிஸ்றிபியூட்டரைச் சுத்துறது கேம். ஒயில் பம்பைச் சுத்துறதும் கேம். அந்தக் கேமைச் சுத்துறது இந்த ஒரு செயின். அது ஆடினால் வால்வு மட்டும் ஆடுறேல்லை, ஸ்பாக்கும் ஆடும். அதாலை கார்பரேற்றரை நோண்டாதையும். கனபேர் மூண்டு மாசம் கார்பரேற்றரோட மினக்கெட்டுப்போட்டுத்தான் செயினுக்கு வருவினம்.

கழட்ட முதல் ஒரு சோதனை. டிஸ்றிபியூட்டர் மூடியைக் கழட்டிப்போட்டு, கிராங் போல்ற்றில ஸ்பனரைப் போட்டு ஓடுற பக்கமாக் கொஞ்சம் திருப்பி நிப்பாட்டும். பிறகு எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பும். உள்ளுக்கு இருக்கிற றோட்டர் அசையத் தொடங்க முதல் கிராங் எவ்வளவு வெறும் ஆட்டம் ஆடுது எண்டு புளியில பாரும். அதுக்குள்ள டிஸ்றிபியூட்டர் பல்லின்ர ஆட்டமும் கலந்திருக்கும், அதாலை ரெண்டு மூண்டு பாகைக்குப் பயப்பிடத் தேவையில்லை. எட்டு, பத்து எண்டு வந்தா வேற யோசனை வேண்டாம்.

இரட்டைச் செயின் புதுச் சாமானும் இல்லை. மினி கூப்பர் எஸ் 1964, 65, 67 மூண்டு வருசமும் மொண்டே கார்லோ ராலி வெண்டது, அந்த எஞ்சினுக்குள்ள கிடந்தது இரட்டைச் செயின்தான். சாதாரண மைனருக்கு ஒற்றைச் செயினே தாராளம், புதுசு போட்டா வருசக்கணக்கில ஓடும். உம்மடை கேம் வேற, ஸ்பிறிங்கும் இறுக்கமா இருக்கும், நீர் ஏ9இல சும்மாவும் போகமாட்டீர். உமக்கு இரட்டைதான் சரி. உரும்பிராய்த் தம்பி சொல்லுற பெல்ற் பிழையான சாமான் இல்லை. ஆனா எங்கட புழுதிக்கும், ஒரு சீல் ஒழுகினா ஒயில் படுறதுக்கும், வழியில அறுந்தா கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையளிலையும் அம்பிடாது எண்டதுக்கும் நான் அந்தப் பக்கம் போகமாட்டன்.

எஞ்சின் இறக்கத் தேவையில்லை. றேடியேற்றரைக் கழட்டும், ஃபேன் பெல்ற், புளி, பிறகு முன் மூடி. புளி போல்ற்றுக்கு 1 5/16 சொக்கற் வேணும். இல்லாமல் உளியும் சுத்தியலும் எடுத்தா நான் கோவிப்பன். ஏ பிளஸ் எஞ்சினில ஒற்றைச் செயினை அமத்திக்கொண்டு ஒரு ரென்சனர் இருக்கும். இரட்டை போடேக்க அது கழரும்.

இனித்தான் முக்கியமான இடம். செயினுக்குப் பின்னால முன் பிளேற்றைப் பிடிக்கிற ரெண்டு போல்ற்றின்ர தலை வெளியில துருத்திக்கொண்டு நிக்கும். ஒற்றைச் செயினுக்கு அது தடை இல்லை. இரட்டைக்கு இடிக்கும். அந்த ரெண்டு ஓட்டையையும் வாய் அகலிச்சு, தட்டைத் தலை ஸ்குறூ போட்டு, தலையைப் பிளேற்றோட மட்டமா இறக்கவேணும். நான் இளந்தாரியா இருக்கேக்க ஒருத்தற்றை மினிக்கு இதைச் செய்யாமல் மூடினன். கையால சுத்திப் பாத்தன், முட்டேல்லை எண்டு நினைச்சன். ஒரு மாசத்தால சம்ப்பை (எஞ்சினின்ர அடி ஒயில் தொட்டி) கழட்டேக்க ஒயிலுக்குள்ள வெள்ளி மினுக்கம். செயின்ர பக்கத் தகடு சீவுப்பட்டு சவர அலகு மாதிரி. என்ர செலவில புதுச் செற். அதுக்குப் பிறகு கிறீஸ் பூசிச் சுத்திப் பாக்காமல் நான் மூடி போட்டதில்லை.

ரெண்டு பல்லுச் சில்லும் ஒரே மட்டத்தில நிக்குதோ எண்டு நேர்ச்சட்டம் வைச்சுப் பாரும். நிக்காட்டி கிராங் சில்லுக்குப் பின்னால மெல்லிய தகட்டு வாசர் கூட்டிக் குறைச்சுச் சரிக்கட்டும். பழைய சில்லில புதுச் செயின் போடாதையும்.

பொட்டுக்குப் பொட்டு வைச்சா எஞ்சின் ஓடும், அவ்வளவுதான். கேம் அரைச்சவன், சில்லு வெட்டினவன், சாவித்தவாளிப்பு வெட்டினவன் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் பிழை விட்டிருப்பாங்கள். கிராங்கில பாகைத் தட்டுப் பூட்டி, முதல் சிலிண்டரின்ர இன்லெற் வால்வின்ர புஷ்றோட்டில டயல் கேஜ் வையும். முதல் சிலிண்டர் எண்டது றேடியேற்றர் பக்கம், அதிலை முன்னாலை இருந்து ரெண்டாவது வால்வு இன்லெற். முழு உயரத்தைக் கண்ணால பிடிக்க ஏலாது, உச்சியில ஊசி கொஞ்ச நேரம் அசையாமல் நிக்கும். அதுக்குத்தான் உச்சிக்கு 10 தவு (ஒரு தவு எண்டா அங்குலத்தில ஆயிரத்தில ஒண்டு) கீழ, ஏறேக்க ஒரு பாகை, இறங்கேக்க ஒரு பாகை எண்டு எழுதும். கூட்டி ரெண்டாலை பிரியும். 84, 144 எண்டு வந்தா 114, அதாவது பிஸ்ரன் உச்சிக்கு வந்தாப்பிறகு 114 பாகையில வால்வு முழுசாத் திறக்குது. கேமோட வந்த விபர அட்டையில 106 எண்டு போட்டிருந்தா கேம் எட்டுப் பாகை பிந்தி நிக்குது. தள்ளி வெட்டின சாவி போட்டு முன்னுக்குக் கொண்டுவாரும், இல்லாட்டித் திருப்பக்கூடிய சில்லு வாங்கும். அளக்கேக்க கிராங்கை எப்பவும் ஓடுற பக்கமாத்தான் திருப்பவேணும். தாண்டிப் போனா ஒரு சுத்துச் சுத்தி வாரும், பின்னுக்கு இழுத்துச் சரிக்கட்டினா செயின்ர தொய்வு கணக்குக்குள்ள வந்திடும்.

கேம் நட் 65 அடி-இறாத்தல், கிராங் போல்ற் 75. பூட்டு வாசரை மடிச்சு விட மறக்காதையும்.

கொக்குவில் மைனர்:

ஐயா, பாடம் எடுத்த மாதிரி இருக்கு. இண்டைக்குப் பின்னேரம் றோட்டர் சோதனை செய்தன். 11 பாகை! தம்பி புளியைப் பாக்க நான் திருப்பினன், மூண்டு தரமும் அதேதான்.

ஒரு சந்தேகம். தட்டைத் தலை ஸ்குறூவுக்கு ஓட்டை அகலிக்கிறதைப் பிளேற்றைக் கழட்டாமல் கை ட்றில்லால செய்யலாமோ?

சங்கானை லேத்:

கழட்டாமல் செய்யாதேங்கோ. இரும்புத் தூள் நேர சம்ப்புக்குள்ள போகும். பிளேற் பெரிய தடிப்பான சாமானும் இல்லை, கை ட்றில் கொஞ்சம் ஆழமாப் போனா ஸ்குறூத் தலை மறுபக்கத்தால வந்திடும். மைனரில எஞ்சினின்ர முன் மவுண்டிங்கும் இந்தப் பிளேற்றிலதான், அதாலை எஞ்சினை ஜாக்கில தாங்கி மவுண்டிங்கையும், கேம் சில்லையும், கேமை முன்னாலை பிடிக்கிற தட்டையும் கழட்டினா பிளேற் வரும். கொண்டு வாங்கோ, பெஞ்ச் ட்றில்லில பத்து நிமிச வேலை. ஸ்குறூவையும் கையோட கொண்டு வாங்கோ, அதின்ர தலைச் சரிவைப் பாத்துத்தான் பிற் போடவேணும். பிளேற்றுக்குப் பின்னால இருக்கிற காஸ்கற் கட்டாயம் கிழியும், புதுசு வாங்கி வையுங்கோ.

ரொறன்ரோ சுண்டுக்குளி:

இதை வாசிக்க எங்கட அப்பாவின்ர ஒஸ்ரின் ஏ40 ஞாபகம் வருது. தம்பி, சித்தப்பாட்டைச் சொல்லேக்க செயின் மட்டும் கேளாமல் செயின், ரெண்டு சில்லு, முன் மூடிச் சீல், காஸ்கற், பூட்டு வாசர், அந்த ரெண்டு ஸ்குறூ எல்லாத்தையும் ஒரே பொதியில போடச் சொல்லுங்கோ. நான் ஒருக்கா சீலை மறந்து, ஒரு ரப்பர் வளையத்துக்கு ஒரு மாசம் காத்துக்கொண்டிருந்தனான்.

கொக்குவில் மைனர்:

எல்லாருக்கும் வணக்கம். பொதி வந்து, வேலையும் முடிஞ்சுது. சொன்னா நம்பமாட்டியள், பொட்டுக்குப் பொட்டு வைச்சுப் புதுச் செயினோட அளந்தாலும் 111 காட்டிச்சுது. அட்டையில 106. அப்ப பழைய செயினோட எங்கை நிண்டிருக்கும் எண்டு நினைக்கவே தலை சுத்துது. சித்தப்பா நல்ல காலத்துக்குத் தள்ளி வெட்டின சாவி ரெண்டு மூண்டு அளவில போட்டிருந்தார், இப்ப 106.5இல நிக்குது. அந்த அரைப் பாகைக்கு நான் திருப்பிக் கழட்டமாட்டன்.

மூடி போட்டு ஸ்ராட் பண்ணினா பழைய கலகல இல்லை, ஆனா கீச் கீச் எண்டு புதுச் சத்தம். நெஞ்சு பக்கெண்டுது. திருப்பியும் றேடியேற்றர் கழட்டினன். கிராங் சில்லுக்கு முன்னாலை போடுற ஒயில் எறியிற தட்டை நான் மறுபக்கமாப் போட்டிருக்கிறன், அது செயினில உரசிக்கொண்டு நிண்டது. எஃப் எண்ட எழுத்து முன்னுக்குத் தெரியவேணும் எண்டு பிறகுதான் கண்டன். இதை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?

ரைமிங் லைற்றில அடையாளம் இப்ப ஒட்டி வைச்ச மாதிரி நிக்குது. மூண்டாம் கியரில சந்தியில திரும்பி ஏறுது.

பழைய ஸ்பனர்:

ஒயில் தட்டு என்ர பிழை, எழுத மறந்துபோனன். வயசு. 106.5 நல்ல கணக்கு. 500 கிலோமீற்றரில ஒயிலை மாத்தும், அப்பவே டப்பெற் இடைவெளியையும் பாரும். பழைய செயினை எறிஞ்சுபோட்டீரோ? இல்லாட்டி ஒரு நுனியைப் பிடிச்சுப் பக்கவாட்டிலை, கண்ணி படுத்த மாதிரி நீட்டிப் பாரும். நல்ல செயின் எண்டா கம்பு மாதிரி ஓரளவுக்கு நேர நிக்கும்.

கொக்குவில் மைனர்:

எறியேல்லை ஐயா. இப்பதான் பிடிச்சுப் பாத்தன். செத்த பாம்பு மாதிரித் தொங்குது. தம்பி எடுத்துக்கொண்டு ஓடிப்போய் அந்தக் கராஜ்காரருக்குக் காட்டப் போறன் எண்டு நிக்கிறான், பிடிச்சு வைச்சிருக்கிறன்.