நேபாளத்துக்கு அருட்பணிப் பயணம்: மாணவர்கள் எப்படி ஆயத்தமாவது?

வடலி எழுதியது:
எங்கள் மாணவர் ஐக்கியத்திலிருந்து பன்னிரண்டு பேர் ஒக்டோபரில் பத்து நாட்கள் நேபாளம் செல்ல இருக்கிறோம். காத்மண்டுவுக்கு வெளியே உள்ள ஒரு சிறிய சபை எங்களை அழைத்திருக்கிறது. கடவுச்சீட்டு அலுவல் முடிந்துவிட்டது. சிறுவர்களுக்காக ஒரு நாடகம் பழகி வருகிறோம். நேபாளி மொழியில் ஆயிரம் சுவிசேஷக் கைப்பிரதிகளை அச்சிட்டுக் கொண்டுபோகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு அப்பால் போகாதவர்களே எங்களில் அதிகம் என்பதால், முதலில் எதைக் கவனிக்கவேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய பயணி எழுதியது:
பிள்ளை, அச்சகத்துக்கு முற்பணம் கொடுக்கமுன் இதை வாசியுங்கள். நேபாளத்தின் 2015ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை பிறரை மதம் மாற்றுவதைத் தடுக்கிறது. 2018 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டக்கோவையின்படி அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் 50,000 நேபாள ரூபா வரை தண்டமும் விதிக்கலாம். வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பின் நாடு கடத்தப்படுவார். எங்களைப் போன்ற சார்க் (தென்னாசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு முதல் 30 நாட்களுக்கு விசாக் கட்டணம் இல்லை என்பதால் உள்ளே போவது சுலபமாகத் தோன்றும். ஆனால் நீங்கள் திரும்பிய பிறகு பொலிஸ் நிலையத்தில் பதில் சொல்லப்போகிறவர் உங்களை அழைத்த போதகர்தான். எங்கள் குழுவில் ஒருவர் ஞானஸ்நானப் படமொன்றை ஊர்ப்பெயரோடு முகநூலில் போட்டுவிட்டார். அந்த விசுவாசிகள் மூன்று வாரம் வழமையான வீட்டில் கூடவில்லை. கைப்பிரதி வேண்டவே வேண்டாம். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட நாடகத்தையும் அந்தப் போதகர் சம்மதித்தால் மட்டும், சபைக் கட்டடத்துக்குள் மட்டும் நடத்துங்கள்.

மானிப்பாய்த் தாதி எழுதியது:
தைபோயிட் தடுப்பூசியைப் புறப்படுவதற்கு இரண்டு வாரமாவது முன்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள். காத்மண்டு ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது, ஆகவே மலைநோய்ப் பயம் தேவையில்லை. ஆனால் ஒக்டோபர் இரவுக் குளிருக்கு எங்கள் பிள்ளைகளின் உடம்பு பழக்கப்பட்டதல்ல. கொதித்தாறிய நீரை மட்டும் குடியுங்கள். நேபாளத்தின் பெரிய இந்துப் பண்டிகையான தசைன் நாட்களில் அலுவலகங்கள் பூட்டிவிடும், பஸ்ஸில் இடமும் கிடைக்காது, திகதியைச் சரிபாருங்கள்.

ஓய்வுநிலைப் போதகர் எழுதியது:
மேலே சொன்னவற்றோடு மொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் தமிழைக் கற்றபடியால்தான் எங்கள் திண்ணைகளில் உட்கார முடிந்தது. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். பத்து நாளில் அது ஆகாத காரியம் என்றாலும், ஐம்பது நேபாளிச் சொற்களாவது தெரியாமல் போகாதீர்கள். அங்கே விசுவாசிகள் ‘ஜெய மசி’ (மேசியாவுக்கு ஜெயம்) என்று கைகூப்பி வாழ்த்துவார்கள். ஆராதனை பெரும்பாலும் சனிக்கிழமையில் நடக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நிலத்தில் உட்காரவேண்டும், பெண்பிள்ளைகள் முக்காட்டுக்கு ஒரு சால்வை எடுத்துச் செல்வது நல்லது. மாட்டிறைச்சிப் பேச்சைக்கூட எடுக்காதீர்கள். பசு அந்த நாட்டின் தேசிய விலங்கு. அன்பளிப்பாக எள்ளுருண்டை கொண்டுபோங்கள், பழுதாகாது.

வடலி எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. கைப்பிரதியைக் கைவிட்டோம். எங்களிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எங்களை அழைத்த போதகரிடமே கேட்டோம். சனி ஆராதனையில் ஒரு பாட்டை நேபாளியிலேயே பாடமுடியுமா என்று கேட்டு ஒலிப்பதிவும் அனுப்பியிருக்கிறார். இரண்டாம் அடியில் வரும் ஒரு சொல் பன்னிரண்டு பேரின் வாயிலும் பன்னிரண்டு விதமாக வருகிறது. மிருதங்கத்தை விமானத்தில் கொண்டுபோனவர்கள் யாராவது இருந்தால், அதை எப்படிப் பொதி செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.